நிலாவில் வெட்டிய கான்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. எண்பத்திரண்டாம் ஆண்டு என்று நினைக்கிறேன், எண்பத்தொன்றாகவும் இருக்கலாம். அன்று தலவாக்கலையில் மழை பெய்தது நிச்சயம். சுகிர்தம் அந்த மேசையில் எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்பதை மட்டும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் நிலாவில் கான் வெட்டியவர் நல்லமுத்துதான் என்பதில் யாருக்கும் இரண்டு பேச்சு இல்லை.

சுகிர்தம் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவள். கொழுந்துக்குப் போகிற தாய்மார், காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு முன்னால் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஒன்று அழுதால் எல்லாம் அழும். பொழுது சாய்ந்து வரிசை வீடுகள் நெருங்கிய லயத்துக்கு வந்தால் அங்கே வேறு சத்தம். வாசலில் சும்மா உட்கார்ந்துவிடக் கூடாது. "என்னா சுகிர்தம், மொகம் ஒரு மாதிரியா இருக்கு? தலவலியா?" என்று ஒருத்தி கேட்பாள். இன்னொருத்தி கேட்காமலே சிரித்துக்கொண்டு போவாள். பெண்பிள்ளை பேசாமல் இருந்தால் ஒன்று காய்ச்சல், இல்லாவிட்டால் காதல் என்பது லயத்தின் தீர்ப்பு. அவளுக்கு இரண்டும் இல்லை. யோசித்துக்கொண்டிருக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அப்படி யோசிக்க அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. ஹட்டனில், கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில்.

யேசுரட்ணம் ஃபாதரிடம் ஒரு பெட்டி இருந்தது. இங்கிலாந்திலிருந்து திரும்பிய கூட்டாளி ஒருவர் கொடுத்தது. அரை விரல் உயரத்தில் ஈயத்தாலான விண்வெளி வீரர்கள், பகடைகள், அளவு நாடா, விதிகள் அடங்கிய ஒரு சிறு புத்தகம். மேசையில் நிலாத் தரை ஒன்றைப் பரப்பி, இரண்டு படைகளை நிறுத்தி, நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட வேண்டும். நடுவில் இருக்கும் நிலையத்தைப் பிடித்தவர் வென்றவர். முக்கியமான விதி ஒன்று: உன் வீரன் நிற்கும் இடத்திலிருந்து எதிரி கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சுட முடியாது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்டம் தொடங்கும். சுகிர்தத்தின் அண்ணன் அலோசியஸ், தோட்டத்து ஸ்டோரில் தேயிலை காய வைக்கும் அடுப்பைப் பார்ப்பவன், வேடிக்கை பார்க்கப் போய் ஆடக் கற்றுக்கொண்டான். அவனுக்குத் துணையாகப் போனவள் அவனைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள்.

அவளுக்குப் பிடித்தது சுடுவது அல்ல. காய் நகர்த்துவதற்கு முன்னால் எவ்வளவு நேரமும் பேசாமல் இருக்கலாம். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தரையையே பார்க்கலாம். யாரும் தலைவலியா என்று கேட்கமாட்டார்கள். எதிரில் இருப்பவனும் பேசமாட்டான். அந்த மௌனத்துக்காகவே அவள் வாரம் முழுவதும் காத்திருந்தாள்.

அப்படியிருக்க, ஃபாதருக்கு வலப்பனைக்கு மாற்றம் வந்தது. பெட்டியை இங்கேயே விட்டுப் போவதாகச் சொன்னார். யாரிடம் என்பதுதான் கேள்வி.

"டவுன்லயே இருக்கட்டும் ஃபாதர்," என்றான் இக்னேசியஸ். அவன் ஹட்டனில் பள்ளிக்கூட மாஸ்டர்; வாலிபர் சங்கத்துக்குத் தலைவன். "சங்கத்து அறையில பூட்டி வச்சிருவோம்."

"சங்கத்து அறைக்குப் பொம்பளைங்க வரலாமா?" என்று அலோசியஸ் கேட்டான்.

"அது... வாலிபர் சங்கம்தானே." இக்னேசியஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான். "கோவிச்சுக்காதீங்க. உங்க பக்கம் கொண்டுபோனா எங்க வச்சு ஆடுவீங்க? லயத்து வீட்டுக் காம்பராவுல ஒரு மேசை போட எடம் இருக்கா? மேசையே இல்லாத எடத்துல நிலா எங்க இருந்து வரும்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சுகிர்தத்துக்குப் புரிந்துவிட்டது. பெட்டி அந்த அறைக்குள் போனால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமையும் அதோடு போய்விடும். அந்த மண்டபத்தில் அவள் அதிகம் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"பிள்ளைக்காம்பராவுல மேசை இருக்கு. நிலாவ நாங்க செய்றோம்."

"எதால செய்வீங்க?"

"இருக்கிறதால."

ஃபாதர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு ஒரு வழி சொன்னார். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு தரை செய்துகொண்டு வர வேண்டும். ஒவ்வொரு தரையிலும் ஒரு ஆட்டம். அதற்குப் பிறகு, மூன்றாவது ஆட்டத்தை எந்தத் தரையில் ஆட ஆசை என்று இரண்டு பக்கமும் சேர்ந்து சொல்ல வேண்டும். சொன்ன தரை யாருடையதோ பெட்டி அவர்களுக்கு. ஒத்துவராவிட்டால் பெட்டி அவரோடு வலப்பனைக்குப் போய்விடும்.

"ஜெயிச்சவங்களுக்கு இல்லையா?" என்றான் இக்னேசியஸ்.

"ஜெயிக்கிறது பகடை. ஆசைப்படுறது மனுஷன்," என்றார் ஃபாதர்.

பஸ்ஸில் திரும்பும்போது அலோசியஸ் தலையில் அடித்துக்கொண்டான். "ஏன் புள்ள, இருக்கிறதாலன்னு சொல்லிட்ட. நம்மகிட்ட என்னா இருக்கு?"

"வருஷா வருஷம் பாலன் குடில் எதால கட்டுறோம்?"

அவன் அப்புறம் ஹட்டனிலிருந்து தோட்டம் வரை வாயைத் திறக்கவில்லை. அண்ணனுக்கும் அந்தப் பழக்கம் கொஞ்சம் உண்டு.

நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, குடில் கட்டும் முறை அவர்களுக்குக் கைப்பழக்கம். கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சிகளைக் கூடாரம்போலக் கட்டுவார்கள். பழைய சாக்கைக் களிமண்ணும் கோதுமை மாப் பசையும் கலந்த சேற்றில் தோய்த்து அதன்மேல் போர்த்துவார்கள். சாக்கு தானாகவே விழுந்து மடிந்து மலையாகும். பெத்லகேம் மலையை அப்படிச் செய்யலாமென்றால் நிலாவின் மலையை ஏன் செய்யக் கூடாது? தேயிலைப் பெட்டியின் பலகைகள்தான் தரை. ஊறவைத்து இடித்த பத்திரிகைத் தாளில் களிமண்ணையும் அடுப்புச் சாம்பலையும் பிசைந்து சுகிர்தம் அவற்றின்மேல் பூசினாள். நிலாவின் குழிகளுக்கு என்ன செய்வது என்று டின் மூடி, போத்தல் அடி எல்லாம் அழுத்திப் பார்த்தாள். எல்லாம் இட்லித் தட்டுப்போல ஒரே மாதிரி வந்தன. அப்போது தவழ்ந்து வந்த ஒரு பிள்ளை ஈரப் பலகையில் காலை ஊன்றிவிட்டது. பிஞ்சுக் குதிகாலின் தடம்: ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேடு. சுகிர்தம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக அக்குளில் பிடித்துத் தூக்கி, குதிகாலை மட்டும் சேற்றில் பதித்துப் பதித்து எடுத்தாள். அழுகிற பிள்ளைகூட அன்று சிரித்தது.

நடுவில் நிற்கும் நிலையம் பால்மா டின். அதன்மேல் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் வெள்ளி ஈயத்தாளைச் சுற்றினாள். கடைசியாகப் பசை தடவி, ஸ்டோரில் கழிவென்று ஒதுக்கிய தூளையும் சாம்பலையும் சல்லடையில் தூவினாள். கறுப்பும் சாம்பலும் கலந்து, பார்ப்பதற்கு உண்மையாகவே வேறோர் உலகத்து மண் போலிருந்தது. வாசம் மட்டும் தேயிலை வாசம்.

களிமண் கொண்டுவந்தவர் நல்லமுத்து. தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். மலைச்சரிவில் மழைத் தண்ணீர் மண்ணை அடித்துப் போகாமல் வடிந்து போவதற்கான வாய்க்கால்தான் கான். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சுகிர்தம் ஈர மலையை அவரிடம் விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது மலையின் இரண்டு பக்கமும் குறுக்கே விரல் அகலத்தில் வாய்க்கால்கள் ஓடின. எல்லாம் சாய்வாக இறங்கி, அடிவாரத்தைச் சுற்றி ஓடிய ஒரு பெரிய வாய்க்காலில் சேர்ந்தன. நடுநடுவே மண் தேங்கச் சின்னக் குழிகள்கூட இருந்தன. நல்லமுத்து கரண்டிக் காம்பை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே இது?"

"கான்."

"நிலாவுலயா?"

"மலைன்னா கான் வேணும்ல தங்கச்சி? இந்தச் சரிவ இப்படியே வுட்டா மொத மழைக்கே மண்ணு பூரா அடியில கெடக்கும்."

"நிலாவுல மழை பெய்யாதுண்ணே."

"யாரு சொன்னா?"

"போய்ட்டு வந்தவங்க சொன்னாங்க."

"அங்க எத்தன நாளு இருந்தாங்க?"

"ஒரு நாளோ, மூணு நாளோ..."

"பாத்தியா? நுவரெலியாவுக்கு மூணு நாள் வெயில்ல வந்துட்டுப் போறவனும் இங்க மழையே கெடையாதுன்னுதான் ஊருல போய்ச் சொல்லுவான்." அவர் மலையைக் கண்ணாலேயே தட்டிக்கொடுத்தார். "அதோட, மழை மட்டுமா? கானுக்குள்ள குந்திக்கிட்டா, வேலைய மேல்பார்வ பாக்குற கண்டாக்கையாவுக்கு நம்ம தலைப்பாகூடத் தெரியாது. பீடி பத்த வைக்கிற எடமே அதுதானே."

அலோசியஸ் விழுந்து விழுந்து சிரித்தான். சுகிர்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. டவுன்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கு இப்போதே கேட்டது. தோட்டத்தான் நிலாவுக்குப் போனாலும் கான் வெட்டத்தான் போவான். நல்லமுத்து போன பிறகு, மீந்திருந்த தாள்கூழை எடுத்து மலையின் ஒரு பக்கத்துக் கான்களை அடைத்து, மேலே தூளைத் தூவி மறைத்தாள். மறு பக்கத்துக்கு வருவதற்குள் கூழ் தீர்ந்துவிட்டது. அலோசியஸ் பலகைகளைக் காய வைக்க ஸ்டோருக்குத் தூக்கிப் போய்விட்டான்.

ஞாயிறு காலை நிலா பஸ் ஏறியது. தட்டைப் பலகைகள் எல்லாம் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. மலை அடங்கவில்லை. அதைப் பஸ்ஸின் கூரையில் கட்ட வேண்டியிருந்தது.

"நங்கி, மேக்க மொக்கத?" என்றார் கண்டக்டர் சிங்களத்தில். தங்கச்சி, இது என்ன?

"ஹந்த," என்றாள் சுகிர்தம். நிலா.

கண்டக்டர் கூரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப ஹந்தவுக்கு அரை டிக்கட்!" என்று தமிழில் கத்தினார். பஸ் முழுக்கச் சிரித்தது.

தலவாக்கலையை நெருங்கும்போது மழை பிடித்தது. சாமான்களின்மேல் கட்டியிருந்த படங்கு காற்றில் கழன்று படபடவென்று அடித்தது. "நிப்பாட்டுங்க!" என்று அலோசியஸ் ஏணியில் ஏறிப் படங்கை இழுத்துப் பிடிப்பதற்குள் வானம் கொட்டித் தீர்த்துவிட்டது. சுகிர்தம் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி கேட்டாள், "என்னா தங்கச்சி, தலவலியா?"

ஹட்டனில் மலையை இறக்கினார்கள். நல்லமுத்துவும் கூட வந்திருந்தார். நிலாவுக்குக் களிமண் கொடுத்தவர் ஆயிற்றே. அவர்தான் முதலில் குனிந்து பார்த்தார்.

ஒரு பக்கம் அப்படியே நின்றது. தண்ணீர் கான் வழியாக ஓடி, பெரிய கானில் இறங்கி, பலகையின் ஓரமாக வடிந்து போயிருந்தது. குழிகளில் மட்டும் கொஞ்சம் வண்டல் தேங்கியிருந்தது. மறு பக்கம் சரிந்துவிட்டது. மண் பூராவும் அடியில் குவிந்து, உள்ளே இருந்த சாக்கு வெளியே தெரிந்தது.

நல்லமுத்து அந்தப் பக்கத்தை விரலால் தடவினார். "இங்கயும் நான் வெட்டியிருந்தேனே..."

ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஒன்று கூவியது.

"நான்தாண்ணே அடைச்சேன்," என்றாள் சுகிர்தம்.

நல்லமுத்து அவளைத் திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது.

"இப்ப சொல்லு. நிலாவுல மழை பெஞ்சிச்சா, இல்லையா?"

மண்டபத்தில் இக்னேசியஸின் தரை ஏற்கெனவே விரித்திருந்தது. கொழும்பிலிருந்து வருவித்த ரெஜிபோம், எடையே இல்லாத நுரை அட்டை. வெள்ளை வெளேரென்று, வட்டம் வட்டமாகக் குழிகள், பிளாஸ்டிக் கூடாரங்கள், சாயம் பூசிய பாறைகள். அழகாகத்தான் இருந்தது. சுகிர்தம் அதை மனசுக்குள் ஒத்துக்கொண்டாள். பிறகு பக்கத்து மேசையில் தன்னுடைய நிலாவை ஒவ்வொரு பலகையாகச் சேர்த்து வைத்தாள். இடிந்த பக்கத்தை மறைக்கவில்லை.

டவுன் பையன்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். இக்னேசியஸ் குனிந்து கான்களைப் பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஃபாதர், இங்க பாருங்க! நிலாவுல தேயிலை நடப் போறாங்க! கானெல்லாம் வெட்டியாச்சு. எப்ப கொழுந்து எடுப்பு?"

சிரிப்பு மண்டபத்துக் கூரைவரை போனது. சுகிர்தத்தின் காது சுட்டது. நல்லமுத்து பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரும் சிரித்தார், நல்ல பகிடி என்பதுபோல.

முதல் ஆட்டம் ரெஜிபோம் தரையில். சுகிர்தமும் அலோசியஸும் ஒரு பக்கம், இக்னேசியஸும் அவன் கூட்டாளியும் மறு பக்கம். அந்தத் தரையில் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. ஒளிய இடமில்லை. பகடை யாருக்கு நன்றாக விழுகிறதோ அவர்கள் சுட்டார்கள். இக்னேசியஸுக்கு விழுந்தது. பூசைக்கு வந்தவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

இரண்டாவது ஆட்டத்திலும் தொடக்கம் நன்றாக இல்லை. இக்னேசியஸ் மலை உச்சியைப் பிடித்துக்கொண்டான். அங்கிருந்து பார்த்தால் பாதி நிலா தெரிந்தது. அலோசியஸின் வீரர்கள் குதிகால் குழிகளில் ஒவ்வொருவராக விழுந்தார்கள். சுகிர்தத்திடம் மூன்று பேர்தான் மிச்சம். அவர்கள் மலைக்கு மறுபுறம், அடிவாரத்தில். வெள்ளி நிலையம் மலைக்கு அந்தப் பக்கம். சுற்றிப் போனால் சுடுவான். ஏறிப் போனாலும் சுடுவான்.

அவள் கன்னத்தில் கை வைத்தாள். மண்டபம் அடங்கியது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள், பிறகு அதுவும் நின்றது. ஈரம் காயக் காய நிலாவிலிருந்து தேயிலை வாசம் கிளம்பியது. அவள் மலையைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அடைத்த பக்கம், அடைக்காத பக்கம். கண்டாக்கையாவுக்குத் தலைப்பாகூடத் தெரியாது.

பெரிய கானின் வாயில் ஒரு வீரனைப் படுக்க வைத்தாள். அடுத்தவனை அவன் பின்னால். அடுத்தவனை அவனுக்கும் பின்னால்.

"சுடுறேன்," என்றான் இக்னேசியஸ், பகடையைக் கையில் எடுத்து.

"தெரியுதா?" என்றாள் சுகிர்தம்.

"என்ன?"

"உங்க ஆளு கண்ணுக்கு எங்க ஆளு தெரியுதான்னு கேக்குறேன்."

"நிலாவுல ஏதுங்க கான்? அது கணக்கில்ல."

ஃபாதர் எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உச்சியில் நின்ற ஈய வீரனின் தலைக்குப் பின்னால் தன் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார். அங்கியின் கழுத்தெல்லாம் தேயிலைத் தூள்.

"எனக்குத் தெரியலையே, இக்னேசியஸ். நீ வந்து பாரு."

இக்னேசியஸ் தாடையை மலைமேல் ஊன்றிப் பார்த்தான். முதலில் ஒரு கண்ணால், பிறகு மறு கண்ணால். எழுந்திருக்கவில்லை. அவன் நிலாவைப் பார்த்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றும். மேலே நின்று பார்த்தால் அது பலகைமேல் சேறு. அந்த வீரனின் கண் மட்டத்தில் பார்த்தால் மலைக்குப் பின்னால் மலை, பள்ளங்களில் நிழல், தூரத்தில் மினுங்கும் நிலையம்.

"இந்தக் குழியெல்லாம் எதால செஞ்சீங்க?" என்று தாடையை எடுக்காமலே கேட்டான்.

"பிள்ளைங்க குதிகால்."

இக்னேசியஸ் எழுந்தான். பகடையைக் கீழே வைத்தான்.

அதற்குப் பிறகு சுகிர்தம் அவசரப்படவில்லை. கானுக்குக் கான், குழிக்குக் குழி, தன் மூன்று பேரையும் நகர்த்தினாள். இக்னேசியஸ் உச்சியிலிருந்து இறங்கி வந்து தேடினான். சரிந்து கிடந்த மண்ணில் ஒருவனைப் பிடித்தான். மற்றவனை நிலையத்தின் வாசலில் பிடித்தான். மூன்றாவது ஆள் கானின் கடைசி வளைவிலிருந்து எழுந்து வெள்ளி டின்னைத் தொட்டான்.

பின்வரிசையில் நல்லமுத்துதான் முதலில் கைதட்டினார். "அடி சக்கை! பீடி பத்த வச்சிட்டான் பாரு!" என்றார். அலோசியஸ் தங்கையைத் தூக்கிவிடுவான் போலிருந்தது. கோவில் மண்டபம் என்பதால் மேசையைத் தட்டினான். நிலையம் கவிழ்ந்து உருண்டது.

"சரி," என்றார் ஃபாதர். "மூணாவது ஆட்டம். எந்தத் தரை?"

சுகிர்தம் எதைச் சொல்வாள் என்பது எல்லாருக்கும் தெரியும். இக்னேசியஸ் என்ன சொல்வான் என்பதுதான் பேச்சு. அவன் ஒத்துக்கொள்ளாவிட்டால் பெட்டி வலப்பனைக்கு. அவன் கூட்டாளி ரெஜிபோம் மேசைக்குப் போய் வீரர்களை அடுக்கத் தொடங்கிவிட்டான். இக்னேசியஸ் அந்த வெள்ளைத் தரையைப் பார்த்தான். இந்தக் கறுப்புத் தரையைப் பார்த்தான். தாடையில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்து முகர்ந்தான். சுகிர்தம் வாழ்க்கையில் எத்தனையோ மௌனங்களை விரும்பி அனுபவித்தவள். அந்த ஒன்றை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

இக்னேசியஸ் தன் வீரர்களை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு வந்து, இடிந்த நிலாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இந்தத் தடவ கான் பக்கம் எங்களுக்கு," என்றான்.

மூன்றாவது ஆட்டத்தில் யார் வென்றார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. நான் கேட்டுப் பார்த்தவர்களுக்கும் ஞாபகமில்லை. கடைசி பஸ்ஸில் பெட்டி சுகிர்தத்தின் மடியில் வந்தது. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சிரித்திருப்பாள். அடுத்த ஞாயிறு முதல் டவுன்காரர்கள் அக்கரப்பத்தனை பஸ் பிடித்து, ரெஜிபோமைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார்கள். அடுத்த முறை வந்தபோது அந்த ரெஜிபோமிலும் கான் வெட்டியிருந்தது. சாய்வு சரியில்லை என்று நல்லமுத்து திருத்திக் கொடுத்தார்.

அந்த நத்தாருக்கு நிலாவின் மலைதான் கோவில் குடிலில் பெத்லகேமாக நின்றது. கான்களை யாரும் அடைக்கவில்லை. யேசுரட்ணம் ஃபாதர் வலப்பனையில் சில ஆண்டுகள் இருந்தார்; பிறகு கண்டியில் நோயாகக் கிடந்து இறந்தார். நல்லமுத்து அடுத்த ஆண்டு குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறினார்; நீலகிரியில் ஒரு தோட்டத்தில் மறுபடி கான் வெட்டி, அங்கேயே காலமானார். அலோசியஸ் ஓய்வு பெறும்வரை அதே அடுப்பைப் பார்த்தான். இக்னேசியஸ் பள்ளி அதிபராகி, பிள்ளைகள் கனடாவுக்குக் கூப்பிட்டபோது போய்விட்டான். சுகிர்தம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை; வேலையில் இருந்த காலமெல்லாம் பிள்ளைக்காம்பராவை அவள்தான் பார்த்தாள், ஞாயிறுதோறும் மேசை போட்டாள். இப்போது அக்கரப்பத்தனையில் அண்ணன் மகள் வீட்டில் இருக்கிறாள். பெட்டி அவளிடம்தான் இருக்கிறது. வீரர்களில் பாதிப் பேர் தொலைந்துவிட்டார்கள்.